கொனாடு வரைந்த கை

குமாசி நகரத்தில் எங்கள் பேட்டையான பந்தாமாவில் கொனாடுவை எல்லோருக்கும் முதலில் தெரிந்தது இறந்தவர்கள் மூலமாகத்தான். அமோவாக்கோவின் அச்சுக்கடையில் கணினி முன்னால் உட்கார்ந்து சாவு அறிவிப்புச் சுவரொட்டி செய்கிறவள் அவள். குமாசியில் சனிக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு தெருவில் பந்தல் போட்டு இறுதிச் சடங்கு நடக்கும். அதற்கு முன்னால் சுவரொட்டி வந்தாக வேண்டும். இறந்தவர் படத்துக்குப் பின்னால் அவள் மேகம் வைப்பாள். கழுத்துச் சங்கிலிக்கு மினுக்கு ஏற்றுவாள். பல் போன கிழவருக்குப் பல் வைத்துக் கொடுப்பாள். "உயிரோட இருந்தப்போ மாமா இவ்வளவு லட்சணமா இருந்ததே இல்ல" என்று சொந்தக்காரர்கள் அழுகைக்கு நடுவே சிரிப்பார்கள்.

அந்தக் கடைக்கு எதிரே என் மேசை. நான் வாச்சே விற்கிறவள். அரிசியும் காராமணியும் சோளத்தாளோடு சேர்ந்து வெந்து சிவந்து வருகிற சோறு அது. மேலே மிளகாய்த் தொக்கு, கொஞ்சம் சேமியா, மாட்டுத்தோல் துண்டு, அவித்த முட்டை. வாச்சே விற்கிற முஸ்லிம் பெண்ணை இந்த ஊரில் ஹஜியா என்றுதான் கூப்பிடுவார்கள். மக்காவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு அந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொதுவாகவே எனக்கு வாய் வராது. அகப்பையைப் பிடிக்கக் கை போதும், கண் சும்மாதான் இருக்கும். அப்படி இருந்து பார்த்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

கொனாடு ஒஃபின்சோ பக்கத்துப் பெண். தொழிற்கல்லூரியில் ஓராண்டு படித்தாள். அதற்கு மேல் வீட்டால் முடியவில்லை. வேலைக்கு மனுப்போடச் சான்றிதழை நகல் எடுக்க அமோவாக்கோவின் கடைக்கு வந்தாள். வந்த நேரத்தில் மின்சாரம் போனது. காத்திருந்தவள் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்து, "இந்தப் பாட்டியம்மா மூஞ்சியில ஏன் இவ்வளவு மஞ்சள்? காமாலையிலயா செத்தாங்க?" என்று கேட்டாள். மின்சாரம் வந்ததும் அமோவாக்கோ நாற்காலியை அவள் பக்கம் தள்ளி, "நீயே பண்ணு பாப்போம்" என்றார். அப்படி உட்கார்ந்தவள் பல வருஷம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

செயலி செய்யும் ஆசை அவளுக்கு ஒஃபோசுவால் வந்தது. ஒஃபோசு அச்சுக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தான். யார் யாரோ வெளியூர்க்காரர்களுக்கு வீட்டிலிருந்தபடியே கணினி நிரல் எழுதிக் கொடுப்பான். ஒல்லியான ஆள், ஆனால் என் மேசையில் அவனைப் போலச் சாப்பிடுகிறவர் வேறு யாரும் இல்லை. நிரல் எழுத அவனுக்கு வரும், வரைய வராது. அவன் செய்த பொருள் ஒவ்வொன்றும் சாம்பல் நிறத்தில் பெட்டி பெட்டியாக இருக்கும். கொனாடு ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இது ஆப்பா, செங்கல் சூளையா?" என்றாள். அன்றிலிருந்து அவன் எழுதினான், அவள் வரைந்தாள்.

முதலில் செய்தது சாவுக்கான செயலி. எந்தச் சனிக்கிழமை யாருடைய சடங்கு, கறுப்பு உடுத்த வேண்டுமா, சிவப்பா, வெள்ளையா என்று சொல்லும். கொனாடுவுக்கு அதில் எல்லா விவரமும் அத்துப்படி. சின்னமாக ஒரு மடித்த துணி வரைந்தாள், அழகாக இருந்தது. ஆனால் ஒருவரும் தொடவில்லை. தன் மாமன் இறந்த செய்தியைப் போன் சொல்லித் தெரிந்துகொள்ள யாருக்குப் பிடிக்கும்? ஆள் வர வேண்டும், உட்கார வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் செய்தி. ஒரு பெண்மணி கடைக்கே வந்து திட்டினாள். "எங்க வீட்டுச் சாவை எனக்கு முன்னாடி பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவன் தெரிஞ்சுக்கிட்டான். நீ பொண்ணா, கழுகா?"

இரண்டாவது, மின்சாரம் போகும்போது அடிக்கிற விளக்கு. அதற்கு அவள் ஒரு அரிக்கேன் விளக்கைச் சின்னமாக வைத்தாள். விரலால் திரியை ஏற்றுவது போல மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும். போனில் ஏற்கனவே விளக்கு இருக்கும்போது இது எதற்கு என்று ஒஃபோசு கேட்டான். ஆனால் திரியை ஏற்றுவது ஜனங்களுக்குப் பிடித்தது. அதைப் பந்தாமா முழுக்க வைத்திருந்தார்கள். மின்சாரம் போனால், "கொனாடுவை ஏத்து" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அதைக் கேட்ட நாளெல்லாம் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது என் மேசையில் பிறந்தது.

வாச்சே சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தது தெரியாமல் சுத்துப்பட்டு ஆட்களெல்லாம் நடந்து வந்து, காலிப் பானையைப் பார்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். சில நாள் மழை பெய்யும், பானை நிறைய இருக்கும், ஆள் வராது. மற்ற விற்பனைக்காரிகள் கத்திக் கூப்பிடுவார்கள். என்னால் ஆகாது.

"ஹஜியா, நீயும் ஒரு குரல் குடுத்தா என்ன? மாமே பிராகோ கத்துறது சுன்யானி வரைக்கும் கேக்குது" என்றாள் கொனாடு.

"எனக்கு வராதும்மா."

"வாயைத் தொற."

திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் சிரித்துவிட்டு, "சரி, உனக்குப் பதிலா போன் கத்தட்டும்" என்றாள்.

அவ்வளவுதான் செயலி. பானை வெந்ததும் நான் என் போனில் ஆவி வரும் பானையைத் தொடுவேன். அக்கம்பக்கத்தில் அதை வைத்திருக்கிற போனிலெல்லாம் என் பானை ஆவி விடும். தீர்ந்ததும் கவிழ்த்த பானையைத் தொடுவேன். படிக்கவே வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது போதும், பள்ளியே பார்க்காதவர்களுக்கும் போதும். பெயர் 'அபா'. வந்தாச்சு என்று அர்த்தம்.

ஆனால் ஒரு பானையை வைத்து என்ன செய்ய? தெருவில் இருக்கிற சோற்றுக்காரிகள் எல்லோரும் சேர்ந்தால்தான் ஜனங்கள் போனைத் திறப்பார்கள். அவர்களைச் சேர்க்க வேண்டுமானால் மாமே பிராகோ தலையசைக்க வேண்டும். மாமே என்றால் அம்மா. பிராகோ எங்கள் சமைத்த சோறு விற்பவர்களுக்குத் தலைவி. அவள் சரி என்றால் தெருவே சரி என்னும், சீ என்றால் தெருவே சீ என்னும்.

கொனாடு, மரவள்ளியும் வாழைக்காயும் இடித்து உருட்டி விற்கிற பிராகோவின் ஃபூஃபூக் கடைக்குப் பல நாள் போய் உட்கார்ந்தாள். கடைசியில் பிராகோ, "எட்டாம் நாள் பேர் வைக்கும்போது என்னைக் கூப்பிடு. புள்ளை முகத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். எங்கள் ஊரில் எதுவானாலும் அப்படித்தான். பிறந்த குழந்தையை எட்டாம் நாள் வெளியே கொண்டுவந்து பெயர் வைத்து ஊருக்குக் காட்டுவது போல, கடை திறந்தாலும் பாட்டு வெளியிட்டாலும் காட்ட வேண்டும்.

செயலி வேலையில் முழுதாக இறங்க, கொனாடு அமோவாக்கோவிடம் சொல்லிவிட்டு அச்சுக்கடையை விட்டு நின்றாள். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"போயிட்டு வா. பேர் வைக்கிறதுக்கு அடுத்த திங்கள் வரைக்கும் உன் நாற்காலியில யாரையும் உக்கார வைக்க மாட்டேன். அதுக்கப்புறம் என் மச்சினன் பையன் வர்றான்."

"நான் வரமாட்டேன் முதலாளி."

"வருவே. உசுரோட இருக்கிறவங்க நன்றி கெட்டவங்க கொனாடு. செத்தவங்கதான் போஸ்டரைப் பாத்துக் குறை சொல்ல மாட்டாங்க."

அவள் என் மேசைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "பிராகோ ஒத்துக்கலைன்னா நான் அந்த நாற்காலிக்குத்தான் போகணும் ஹஜியா. போனா அப்புறம் எந்திரிக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்" என்றாள். நான் ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்தேன்.

சின்னம் வரைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேல்மாடியில் மின்சாரம் இல்லை என்று கணினியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் என் பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். கீழேயிருந்து நீண்டு வருகிற ஒரு கை. உள்ளங்கை மேல் கிண்ணம். கிண்ணத்தில் வாச்சே. கொனாடு என் கிண்ணம் ஒன்றை வாங்கி, முன்னால் நீட்டிப் பிடித்துப் பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

"சோறு நிறம் சரியில்ல. இது செம்மண்ணு மாதிரி இருக்கு" என்று நானே வாய் திறந்தேன். என் தொழில் விஷயத்தில் மட்டும் எனக்குக் குரல் வரும்.

மாற்றினாள். "இப்போ?"

"இன்னும் கொஞ்சம் சோளத்தாள் போட்ட மாதிரி."

"முட்டை எங்க?" என்றான் ஒஃபோசு.

"ஐகான் நகத்து அளவுதான் இருக்கும். முட்டை வெச்சா கொசு முட்டை மாதிரி தெரியும்."

"முட்டை இல்லாத வாச்சே வாச்சேயா? நான் டவுன்லோடே பண்ண மாட்டேன்."

"நீ எழுதின ஆப்படா அது!"

முட்டை உள்ளே போனது. பார்த்தால் கண் மாதிரி முறைத்தது. வெளியே வந்தது. பாதி முட்டை வைத்தாள். அது நிலா மாதிரி இருந்தது. வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் வேறு புகுந்துவிட்டார்கள். ஒருவர் மாட்டுத்தோல் கேட்டார், ஒருவர் மீன் கேட்டார். ஒரு பள்ளி ஆசிரியை, பின்னால் பச்சை நிறம் வேண்டும், பச்சை பசியைத் தூண்டும் என்றார். முட்டைக்காக இரண்டு டாக்சிக்காரர்களுக்குச் சண்டையே வந்துவிட்டது. கடைசியில் முட்டை இல்லாமல் முடிவானது. ஒஃபோசு அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

இத்தனை பேர் பார்த்தோம். எல்லோரும் கிண்ணத்துக்குள்ளேதான் பார்த்தோம்.

செயலி, போனுக்குள்ளேயே இருக்கிற, செயலிகளை இறக்கிக்கொள்கிற போன்கடையில் ஏறியது. எட்டாம் நாள் காலை, அச்சுக்கடைக்கும் என் மேசைக்கும் நடுவில் பந்தல் போட்டார்கள். சோற்றுக்காரிகள் எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். மாமே பிராகோ கடைசியில் வந்தாள். பெரிய உருவம், தலையில் உயரமாகக் கட்டிய துணி. உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு சத்தம் போட்டது.

கொனாடுவின் போனை ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்தார்கள். குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டுச் சாராயம் வைத்து, தண்ணீரைத் தண்ணீர் என்றும் சாராயத்தைச் சாராயம் என்றும் சொல்லு என்பார்கள். பிராகோ விரலைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"சோறு இருந்தா இருக்குன்னு சொல்லு. தீந்தா தீந்துச்சுன்னு சொல்லு."

"மாமே, சார்ஜ் போடுற ஓட்டையில மட்டும் விட்டுடாதீங்க" என்று ஒஃபோசு பதறினான். எல்லோரும் சிரித்தார்கள். பிராகோவும் சிரித்தாள். கொனாடுவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பாதி வெற்றி வந்துவிட்ட முகம்.

அடுத்தது பதாகை. சின்னத்தைப் பெரிதாக்கி, அச்சுக்கடை மாடியிலிருந்து தொங்கும்படி அமோவாக்கோவே அடித்துக் கொடுத்திருந்தார். சுருட்டிக் கட்டியிருந்த கயிற்றைப் பிராகோ பிடித்து இழுத்தாள். பதாகை மடமடவென்று இறங்கியது.

நகத்தளவு இருந்த கை இப்போது மாடி உயரத்துக்கு இருந்தது. நீட்டிய உள்ளங்கை. கிண்ணம். இடது ஓரத்தில், வாழைப்பூ அளவுக்குப் பெருவிரல்.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. முதலில் ஒரு பெண் தன் வலது உள்ளங்கையை மேலே பார்க்க நீட்டி, பதாகையைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள். பிறகு டாக்சிக்காரர்கள். தெருவே கையை நீட்டி நீட்டித் தன் பெருவிரலையும் அந்தப் பெருவிரலையும் மாறி மாறிப் பார்த்தது. நானும் பார்த்தேன். வலது கையில் பெருவிரல் வலப்பக்கம் இருந்தது.

வரைந்த அன்று கொனாடு வலது கையில் மவுஸைப் பிடித்திருந்தாள். சும்மா இருந்தது இடது கைதான். அதில்தான் என் கிண்ணத்தை ஏந்தியிருந்தாள்.

"இது யாரு கை?" என்று பிராகோ கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. அவள் சத்தம் போடாமல் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

"மாமே, அது வந்து..."

"நான் சோத்தை இந்தக் கையாலயா குடுக்கிறேன்? என் பொண்ணுங்க குடுக்கிறாங்களா? கழுவுற கையால சோறு நீட்டி, அதுக்கு என் விரலாலயே தண்ணி தெளிக்க வெச்சிருக்கே."

"தெரியாம நடந்துடுச்சு மாமே. படம் வரையும்போது..."

"வீடு அளவுக்கு வரைஞ்சிருக்கே. தெரியலையா?"

அவள் எழுந்தாள். அவள் எழுந்ததும் வெள்ளை உடுத்திய பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். யாரோ அமோவாக்கோவைப் பார்த்து, "நீயாவது சொல்லக் கூடாதா?" என்றார்கள்.

"குடுத்ததை அடிச்சேன். எனக்குக் கேள்வி கேக்குற பழக்கம் இல்ல. கேட்டா, இந்த ஊர்ல பாதிப் பொணத்தோட வயசு சரியா இருக்காது" என்றார் அவர். பிறகு கொனாடுவின் பக்கம் குனிந்து, மெதுவாக, "திங்கக்கிழமை" என்றார்.

ஒஃபோசு அன்று மதியமே படத்தை வலது இடது மாற்றிப் புரட்டிவிட்டான். அதற்கு ஒரு தட்டு போதும். போன்கடைக்காரர்கள் பார்த்து ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும் என்றான். ஆனால் அதற்குள் பதாகையைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். "இடது கைச் சோறு குடு" என்று ஒருவன் பிராகோவின் கடை வாசலிலேயே கேட்டானாம். உலக்கையோடு அவனைத் துரத்தினார்கள் என்று கேள்வி. வாழைப்பழம் வறுத்து விற்பவள் என்னிடமே வந்து, "அதை உன் போன்லேருந்து எடுத்துடு ஹஜியா, தரித்திரம்" என்றாள். நான் எடுக்கவில்லை. ஆவி விடும் பானையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒஃபோசு மட்டும் வந்தான்.

கொனாடு பிராகோவிடம் போய்க் கையை மாற்றிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். அவள் ஃபூஃபூ இடித்துக்கொண்டே, "ஊரே பாத்த கை. நீ பூனை மாதிரி மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போறியா?" என்று கேட்டாளாம்.

அதற்கப்புறம் கொனாடு என் பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தாள். கணினியைக் கொண்டுவரவில்லை. சாப்பிடவும் இல்லை. எதிரே அச்சுக்கடையில் அவள் நாற்காலி காலியாக, கதவு வழியாகத் தெரிந்தது. அதை அமோவாக்கோ கொஞ்சம் வெளியே பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம். தொழுகை முடிந்து வருகிறவர்கள், வங்கிக்காரர்கள், டாக்சிக்காரர்கள். இப்போதெல்லாம் எல்லோர் வலது கையிலும் போன். பேசிக்கொண்டே வருவார்கள், சோற்றுப் பொட்டலத்தை வாங்க இடது கைதான் வரும். வரும்போதே, "செபே, ஹஜியா" என்பார்கள். குறை நினைக்காதே என்று அர்த்தம். பெரியவர் முன்னால் ஒரு மாதிரியான வார்த்தை வந்தால் சொல்வது. கையில் சுமை இருந்து இடது கை நீட்ட வேண்டி வந்தாலும் அதுதான். செபே என்றால் முடிந்தது. நானும் கொடுத்துவிடுவேன்.

கொனாடு தலையைத் தூக்கினாள். அடுத்து வந்தவரும் செபே சொன்னார். அதற்கடுத்தவள் போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வலது கையை விடுவித்து வாங்கினாள். வாங்கும்போது அவள் இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. அப்போது ஒரு வெளியூர்க்காரர் கேஜேத்தியா சந்தைக்கு எப்படிப் போவது என்று கேட்டார். வழி இடப்பக்கம். வரிசையில் நின்ற மூன்று பேர் வலது கையை உடம்புக்குக் குறுக்கே வளைத்து இடப்பக்கம் காட்டினார்கள். மூன்று பேருடைய இடது கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஹஜியா, அவங்க கையைப் பாத்தியா?" என்றாள் கொனாடு.

"எந்தக் கை?"

"ஒளிஞ்ச கை."

நான் பார்த்திருக்கிறேன்தான். எல்லோரும் அப்படித்தானே நிற்பார்கள். சின்ன வயதில் அடி வாங்கிப் பழகியது, பிறகு கையே தெரிந்து வைத்திருக்கிறது. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் அதற்குள் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். "ஒஃபோசு! டேய் ஒஃபோசு! புரட்டி அனுப்பினதைத் திரும்ப வாங்கு! நிறுத்து!"

மேலேயிருந்து சண்டைச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஒஃபோசு அன்று சாப்பிட இறங்கவே இல்லை. அது எனக்குக் கவலையாக இருந்தது, பொட்டலம் கட்டி மேலே கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு பேரும் ஒருவர் முன்னால் ஒருவர் நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். "மெதுவாப் போகணும்டா. திருட்டுத்தனமா இல்ல, வெக்கப்பட்டு." "கை எப்படிடி வெக்கப்படும்?" "விரலை மடக்கு. ஆங், அப்படி."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து பிராகோ வெளியே வரும்போது கொனாடு வாசலில் நின்றாள். என்னையும் ஒஃபோசுவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். நான் ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். போன்கடைக்காரர்கள் இன்னும் புதியதை ஏற்றவில்லை, ஒஃபோசு தன் போனில் மட்டும் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"மாமே, ஒரு தடவை பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

அவள் போனை வலது கையால் நீட்டினாள். இடது கை பின்னால் போயிருந்தது. பிராகோ அதைக் கவனித்தாள் என்று எனக்குத் தோன்றியது. வாங்கினாள். சுற்றிலும் அவளுடைய பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரையில் அதே இடது கை, ஊரே பார்த்த கை, கிண்ணத்தோடு கீழேயிருந்து மேலே வந்தது. யாரோ 'சீ' என்று ஆரம்பித்தார்கள். கை பாதியில் நின்றது. தன்னையே பார்த்துக்கொண்டது போல இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தது. விரல்களை மடக்கிக்கொண்டு, மெல்ல, பின்னால் எங்கோ போய் ஒளிந்தது. "செபே" என்று ஒரு குரல். கொனாடுவின் குரல்தான், அழுது முடித்த மாதிரி கொஞ்சம் கரகரத்திருந்தது. பிறகு வலது கை வந்து கிண்ணத்தை எடுத்து நீட்டியது. ஆவி வந்தது.

பிராகோ போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு விரலால் தட்டினாள்.

"ஏன் திரும்ப வரல?"

"ஒரு தடவைதான் மாமே வரும். முதல் தடவை திறக்கும்போது மட்டும்."

"ஒரு தடவைதான் மன்னிப்புக் கேக்குமா உன் போனு? எத்தனை பேருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு தெரியுமா?"

"எத்தனை தடவை வேணும் மாமே?"

"தினமும் காலையில ஒரு தடவை கேக்கட்டும். பல்லு வெளக்கின கையோட."

அவளுடைய பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மாமே, அந்தக் கை ஓடுறதை இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுச் சின்னவன் மாதிரியே ஓடுது." கொனாடு செயலியை அழித்து மறுபடி ஏற்றிக் காட்டினாள். கூட்டம் பெருகியது. பாதிரியாரும் வந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கை ஒளியப் போகும்போது எல்லோரும் சேர்ந்து 'செபே' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் மரத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக நானும் சொன்னேன்.

பிராகோ கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பேர் வெச்சது வெச்சதுதான். புள்ளை முதல்ல முரடாத்தான் இருந்துச்சு, பழகிக்கிச்சு. என் பானையைப் போடு. பொண்ணுங்க பானையையும் போடு." நடக்கப் போனவள் திரும்பி, "ஆமா, வாச்சேன்னு சொல்றே. முட்டை எங்க?" என்று கேட்டாள்.

ஒஃபோசு இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினான்.

திங்கட்கிழமை காலை நான் பானையை இறக்கும்போதே அமோவாக்கோ கடையைத் திறந்துவிட்டார். கொனாடு தெருவைக் கடந்து உள்ளே போனாள். அவள் நேராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அமோவாக்கோவின் முகம் மலர்ந்தது.

"சொன்னேன்ல? யாரு போஸ்டர்லேருந்து ஆரம்பிக்கிறே? ஒரு நாட்டாமை இருக்காரு, ரெண்டு பொண்டாட்டி, ரெண்டு பேர் படமும் ஒரே அளவுல வேணுமாம்."

"பழைய பதாகை அளவு என்ன முதலாளி?"

"எதுக்கு?"

"புதுசு அடிக்கணும். இந்தத் தடவை ஆர்டர் என்னது. உங்க கணினியில ஒரு மணி நேரம் குடுங்க, எங்க மாடியில மின்சாரம் இல்ல."

அவர் மவுஸை எடுத்து அவள் பக்கம் வைத்தார். அவர் வலது கையில் அச்சு மை. இடது கையால்தான் வைத்தார்.

"செபே" என்றார்.

அவள் வலது கையைக் கிண்ணம் ஏந்துவது போல முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கோடு கோணலாகத்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். பாதியில் எழுந்து வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஹஜியா! முட்டை முழுசா, பாதியா?"

தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வரிசையில் டாக்சிக்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"முழுசு!" என்றேன். கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் போனை எடுத்து, ஆவி விடும் பானையைத் தொட்டேன்.